அட்டையை வாங்கிப் பைக்குள்ள போட்டா ஆச்சா, அண்ணாச்சி?

தொழில் கண்காட்சி, கருத்தரங்கு என்று கிளம்பும் நெல்லை, தென்காசிப் பக்கத்தாரின் கேள்விகளும் பதில்களும்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து, அப்பளம் செய்பவர்: கோவை கொடிசியாவுல உணவுக் கண்காட்சி. கடை போடல, சும்மா பாக்கத்தான் போறேன். என்னத்த கொண்டு போகணும்?

நாளுக்கு முப்பது விசிட்டிங் கார்டு தாராளம். பளபள லேமினேஷன் வேண்டாம். பால்பாயின்ட் பேனா அதில் வழுக்கும். பளபளப்பில்லாத மேட் தாள், 300 ஜிஎஸ்எம் கனம், குறிப்பு எழுதப் பின்பக்கம் வெற்றாக இருக்கட்டும். அப்பளத்தைத் தோள்பையில் திணித்தால் மதியத்துக்குள் நொறுங்கிவிடும், நொறுங்கியதைக் காட்டி விலை பேச முடியாது. தட்டையான எவர்சில்வர் டப்பாவில் ஆறு பாக்கெட் வையுங்கள். எவ்வளவு சரக்கு தர முடியும் என்று கேட்பவருக்கு மட்டும் கொடுங்கள்.

மொத்த வியாபாரி கேட்பது ஐந்துதான்: 14 இலக்க உணவு உரிம எண், எத்தனை மாதம் தாங்கும், அட்டைப்பெட்டிக்கு எத்தனை பாக்கெட், குறைந்தபட்ச ஆர்டர், சொல்லும் விலை உங்கள் வாசலிலா அவர் குடோனில் இறக்கியா. இதில் இரண்டுக்கு "பாத்துச் சொல்லுதேன்" என்றாலே பேச்சு முடிந்தது.

கடை திறந்த முதல் ஒரு மணி நேரமும் சாயங்காலமும் பேச ஏற்றவை. பேசும்போது கடைக்காரருக்கு வாடிக்கையாளர் வந்தால் நீங்களாகவே விலகி நில்லுங்கள். பிறகு திரும்பி வந்தால் அவரே கூப்பிட்டுப் பேசுவார்.

பாளையங்கோட்டை, பொறியியல் மாணவி: சென்னை நந்தம்பாக்கத்துல கருத்தரங்கு. இங்கிலீஷ் சரளமா வராது, ஓரமா நின்னுட்டு வந்துருவேனோன்னு பயமா இருக்கு அண்ணாச்சி.

தமிழிலேயே ஆரம்பிம்மா, பாதிப் பேர் நிம்மதியாவார்கள். இங்கிலீஷில் மூன்று வாக்கியம் தயார் செய்தால் போதும்: பெயர், செய்யும் புராஜெக்ட், அதில் சிக்கியிருக்கும் இடம். பேச்சாளரிடம் "அட்வைஸ் சொல்லுங்க சார்" என்று நிற்காதே, பொதுவாக எதையாவது சொல்லி அனுப்பிவிடுவார். "மூணாவது படத்துல மோட்டார் சூடு 80 டிகிரி காட்டுதே, காத்துவழிய மாத்துனா குறையுமா?" என்று கேட்டால் நின்று பதில் சொல்வார்.

டீ வரிசையில் எல்லோரும் முதுகைத்தான் காட்டுவார்கள். கப்பை வாங்கிக்கொண்டு போய் நிற்கும் இடத்துக்குப் போ. இருவர் நேருக்கு நேர் நின்றால் விட்டுவிடு. மூவர் லாடம்போல ஒரு பக்கம் திறந்து நின்றால் அந்த இடம் உனக்கு. கழுத்து அட்டை எப்போதும் திரும்பிக்கொள்ளும், பின்பக்கமும் பெயர் எழுதிவிடு.

சுரண்டை வாசகர்: நம்ம பக்கத்துக் கூட்டத்துல "எந்த ஊரு, யாரு மவன்"னுதான ஆரம்பிக்காவ?

ஊரைச் சொல்லுங்கள், கையோடு தொழிலையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "சுரண்டை, காய்கறி ஏத்துமதி." அதற்கு மேல் நோண்டினால் இன்றைய வெங்காய விலையைக் கேளுங்கள், பேச்சு திரும்பிவிடும்.

வள்ளியூர், காற்றாலைப் பராமரிப்பு எடுப்பவர்: 42 பேர் கார்டு வாங்குனேன். ஒரே மெசேஜ எல்லாத்துக்கும் மொத்தமா வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்டா போட்டேன். ரெண்டே பேருதான் பதில் போட்டாவ.

உங்கள் எண்ணைச் சேமிக்காதவருக்குப் பிராட்காஸ்ட் போய்ச் சேரவே சேராது. நாற்பது பேர் உங்களை ஒதுக்கவில்லை, பார்க்கவே இல்லை.

கார்டு கைக்கு வந்து ஐந்து நிமிடத்துக்குள் பின்பக்கம் எழுதுங்கள்: "பணகுடி, 12 டர்பைன், கியர்பாக்ஸ் ஆயில் கசிவு, ரேட் அனுப்பணும்." சாயங்காலத்துக்குள் முகமும் பெயரும் குழம்பிவிடும். சென்னையிலிருந்து திரும்பினால் நெல்லை எக்ஸ்பிரஸ் தாம்பரம் தாண்டுமுன் மூன்றாகப் பிரியுங்கள்: வாக்குக் கொடுத்தவை, வேலை வரக்கூடியவை, மரியாதைக்கு வாங்கியவை. முதல் கட்டுக்கு மறுநாள் காலை தனித்தனியாக அனுப்புங்கள்: "நேத்து டீ ஸ்டால் பக்கம் ஆயில் கசிவு பத்திப் பேசினோம். ரேட் இதோட இருக்கு. வியாழக்கிழமை கூப்பிடவா?" பதில் இல்லையென்றால் ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். அதோடு விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, உங்கள் தொழிலில் காலம் முக்கியம். ஆடிக் காற்றில் எவரும் டர்பைனை நிறுத்தமாட்டார்கள். தை, மாசியில் கேட்டால்தான் காது கொடுப்பார்கள்.

அம்பாசமுத்திரம், தையல் யூனிட் நடத்தும் பெண்மணி: கார்டுல நம்பர் போட்டா ராத்திரியில "குட் நைட்" படம் வருது. வீட்டுக்காரர் நம்பரப் போட்டுரவா?

வேண்டாம்மா. போட்டால் ஆர்டர் பேச்சும் அவரிடம்தான் போகும், துணி அளவு தெரியாமல் அவர் ஏதாவது ஒப்புக்கொள்வார். தனி சிம் வாங்கி வாட்ஸ்அப் பிசினஸில் போடுங்கள். அதே போனில் உங்கள் சாதா வாட்ஸ்அப்பும் இதுவும் ஓடும். வேலை நேரம் காலை 10 முதல் 6 என்று குறித்து, மற்ற நேரத்துக்குத் தானியங்கிப் பதில் வையுங்கள். முகப்புப் படமாகத் தைத்த துணி இருக்கட்டும். அப்படியும் படம் அனுப்புகிறவரை பிளாக் பண்ணத் தயங்காதீர்கள், அவர் ஆர்டர் தரப்போவதில்லை.