பி.சி.யை ஆன் செய்தால் அரை நிமிடம் ஐ.பி. வராமல் 169.254 முகவரி வருவது: பதில்

பி.சி. செருகியிருக்கும் சுவிட்ச் போர்ட்டில் போர்ட்ஃபாஸ்ட் (லிங்க் வந்ததும் காத்திருக்காமல் போர்ட்டைத் திறந்துவிடும் அமைப்பு) போடுங்கள், சரியாகிவிடும். சிஸ்கோ அல்லாத சுவிட்சுகளில் இதே அமைப்பு பெரும்பாலும் எட்ஜ் போர்ட் என்ற பெயரில் இருக்கும். ஐ.பி. முகவரி கொடுக்கும் டி.ஹெச்.சி.பி. சர்வரை மாற்ற வேண்டியதில்லை.

காரணம் ஸ்பேனிங் ட்ரீ, அதாவது சுவிட்சுகளுக்கு இடையே லூப் (தகவல் முடிவில்லாமல் சுற்றுவது) வராமல் தடுக்கும் முறை. அதன் பழைய வடிவத்தில் லிங்க் வந்ததும் போர்ட் லிஸனிங், லேர்னிங் என்ற இரண்டு காத்திருப்பு நிலைகளில் தலா 15 விநாடி நிற்கும். அந்த 30 விநாடியும் பி.சி. அனுப்பும் டி.ஹெச்.சி.பி. கோரிக்கை சுவிட்சைத் தாண்டாது. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் விண்டோஸ் தானே 169.254 முகவரியை எடுத்துக்கொள்ளும். அதன் வேகமான புதிய வடிவமான ராப்பிட் ஸ்பேனிங் ட்ரீக்கு மாறினாலும், எட்ஜ் என்று குறிக்காத போர்ட்டில் பி.சி. இருந்தால் இதே காத்திருப்புதான். பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

உறுதி செய்ய:

1. பி.சி.க்கு நிலையான ஐ.பி. கொடுத்து, கேட்வேக்கு (ரவுட்டருக்கு) தொடர்ந்து பிங் விடுங்கள்.
2. கேபிளைப் பிடுங்கிச் செருகுங்கள். லிங்க் விளக்கு எரிந்தும் சுமார் 30 விநாடி கழித்துத்தான் பதில் வருகிறதா? அப்படியானால் ஸ்பேனிங் ட்ரீதான். உடனே வந்தால் டி.ஹெச்.சி.பி. பக்கம் பாருங்கள்.

இன்னொரு சுவிட்சுக்குப் போகும் போர்ட்டில் மட்டும் போர்ட்ஃபாஸ்ட் போடாதீர்கள், லூப் வந்தால் நெட்வொர்க் மொத்தமும் படுத்துவிடும். கூடவே பி.சி. போர்ட்டில் பி.பி.டி.யு. கார்டும் போடுங்கள் (பி.பி.டி.யு. என்பது ஸ்பேனிங் ட்ரீக்காகச் சுவிட்சுகள் அனுப்பும் செய்தி). யாராவது மேசைக்கடியில் ஒரு சுவிட்சைச் செருகி, அது பி.பி.டி.யு. அனுப்பினால் போர்ட் எரர் டிஸேபிள் ஆகிவிடும், அதாவது சுவிட்ச் அதை அணைத்துவிடும். அப்புறம் பொதுவாக நீங்களே ஷட், நோ ஷட் (போர்ட்டை அணைத்து, மீண்டும் இயக்கும் கட்டளைகள்) கொடுத்துத்தான் எழுப்ப வேண்டும்.