டிவிஆரைத் தடுக்கும் ரூலை எந்தப் பக்கம் போடுவது?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் 12 கணினிகள். ஒரு பழைய பிசியில் ஓபிஎன்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருளை நிறுவியிருக்கிறேன். சிசிடிவி டிவிஆர் (கேமரா பதிவுப் பெட்டி) இணையத்துக்குப் போகக் கூடாது என்று வேன் (இணையப் பக்க) இன்டர்ஃபேஸில் பிளாக் ரூல் போட்டேன், ஆனாலும் போகிறது. இதை எப்படி முறையாகக் கற்றுக்கொள்வது?

நீங்கள் ரூல் போட்ட இடம்தான் தப்பு. ஒரு பாக்கெட் (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டு) எந்த இன்டர்ஃபேஸ் வழியாக ஃபயர்வாலுக்குள் நுழைகிறதோ, வழக்கமாக அங்கேதான் அதற்கான ரூல் வேலை செய்யும். டிவிஆர் அனுப்புவது லேன் (அலுவலக உள் நெட்வொர்க்) பக்கமாக நுழைகிறது, அதனால் ரூலும் லேனில் இருக்க வேண்டும், அதுவும் அங்கே ஏற்கெனவே இருக்கும் 'எல்லாம் அனுமதி' ரூலுக்கு மேலே. ஏனென்றால் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் எது பொருந்துகிறதோ அதோடு முடிவெடுத்துவிடும். கீழே இருப்பதைத் திரும்பிப் பார்க்காது.

ரூலில் சோர்ஸ், அதாவது அனுப்புபவர், என்ற இடத்தில் டிவிஆரின் ஐபியைக் கொடுங்கள். அந்த ஐபி நாளைக்கு மாறிவிடாமல் இருக்க டிஹெச்சிபியில் (கருவிகளுக்கு ஐபி கொடுக்கும் சேவை) நிலையாக ஒதுக்கிவிடுங்கள். அப்புறம், பலரும் குழம்புவது இங்கேதான்: ரூலைச் சரியாகப் போட்டு அப்ளை செய்தாலும், ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு தொடர்ந்து ஓடும், ஏனென்றால் அதன் ஸ்டேட் (அந்த இணைப்பைப் பற்றிய பதிவு) ஃபயர்வாலின் நினைவில் இருக்கிறது. டயக்னாஸ்டிக்ஸ், ஸ்டேட்ஸ் பக்கத்தில் டிவிஆரின் ஐபியைத் தேடி அவற்றை நீக்குங்கள். பயப்பட வேண்டாம், அலுவலகக் கணினிகளும் டிவிஆரும் ஒரே லேனில் இருந்தால் அந்தப் போக்குவரத்து சுவிட்சோடு முடிந்துவிடும், உள்ளே கேமரா பார்ப்பது நிற்காது. டிவிஆர் தானாக இணையத்தில் இணைந்து வேலை செய்யும் ஆப் வழியாக வெளியிலிருந்து மொபைலில் பார்ப்பதுதான் நிற்கும்.

கற்றுக்கொள்ள என் யோசனை, அலுவலக ஃபயர்வால் பெட்டியில் சோதனை செய்யாதீர்கள். விர்ச்சுவல்பாக்ஸில் (கணினிக்குள் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்) இரண்டு நெட்வொர்க் கார்டு கொடுத்து இன்னொரு ஓபிஎன்சென்ஸை நிறுவி, அதன் பின்னால் ஒரு லினக்ஸ் மெஷினை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ரூலிலும் லாக்கை டிக் செய்துவிட்டு லாக்கை உடனுக்குடன் காட்டும் லைவ் வியூவைத் திறந்து வையுங்கள். எந்த பாக்கெட் எந்தப் பக்கம் நுழைந்தது, எந்த ரூல் அதைப் பிடித்தது என்று ஒரு வாரம் கண்ணால் பார்த்தால் வரும் தெளிவு எந்த வீடியோவிலும் வராது. ஒன்று கவனியுங்கள், ஓபிஎன்சென்ஸ் லேனுக்கு 192.168.1.1 தான் இயல்பு முகவரி, உங்கள் மோடமும் அதுவே என்றால் லேனை வேறு ஐபி வரிசைக்கு மாற்றாமல் எதுவும் சரியாக ஓடாது.

அலுவலகப் பெட்டியில் கை வைக்கும் முன் ஒவ்வொரு முறையும் பேக்கப்ஸ் பக்கத்தில் கான்ஃபிகரேஷன் ஃபைலை இறக்கிக்கொள்ளுங்கள். அதில் ரகசியச் சாவிகளும் இருக்கும், அதனால் என்கிரிப்ட் செய்தே இறக்குங்கள், வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள்.