தீவனத்தைக் கூட்டியும் பாலில் கொழுப்பு ஏன் இறங்குகிறது?

கேள்வி: "12 லிட்டர் கறக்கும் ஜெர்சி கலப்பினம். காலை, மாலை இரண்டு வேளையாக மொத்தம் 9 கிலோ மூட்டைத் தீவனம், ஒரு கட்டு வைக்கோல், வீட்டில் மீந்த சோறு. சொசைட்டியில் கொழுப்பு 3-க்குக் கீழே வந்துவிட்டது, சாணம் கூழாகப் போகிறது. என்ன டானிக் கொடுக்கலாம்?"

டானிக் எதுவும் வேண்டாம், காசுதான் தண்டம். நீங்கள் சொன்ன கணக்கிலேயே பதில் இருக்கிறது.

மூட்டைத் தீவனத்துக்கு, அதாவது அடர்தீவனத்துக்கு, நம் ஊரில் பொதுவாகச் சொல்லும் அளவு, உடம்பைப் பார்த்துக்கொள்ள ஒன்றரை கிலோ, அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. 12 லிட்டருக்கு ஆறே கால் கிலோ சொச்சம் வரும். நீங்கள் 9 கிலோ போடுகிறீர்கள், அதுவும் வேளைக்கு நாலரை கிலோவாக, அதன் மேல் சோறு வேறு. மாட்டின் பெரிய வயிறு 100 லிட்டருக்கு மேல் பிடிக்கும், உள்ளே இருப்பது கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள், மாவுச்சத்து ஒரே நேரத்தில் கொட்டினால் அதைப் புளிக்க வைத்து அமிலமாக்கிவிடும். நாரைச் செரிக்கிற நுண்ணுயிர்களுக்கு அந்தப் புளிப்பு ஆகாது. நார் செரித்தால் கிடைக்கும் அசிட்டிக் அமிலத்திலிருந்துதான் பால் கொழுப்பில் பெரிய பங்கை மடி உண்டாக்குகிறது. அது குறைந்தால் கொழுப்பும் இறங்கும். இதை அப்படியே விட்டால் அடுத்தது குளம்பு வீங்கி மாடு நொண்டும், பிறகு நல்ல வயதிலேயே சந்தைக்கு ஓட்ட வேண்டியதுதான்.

இந்தப் புளிப்புக்கு மாடே மருந்து வைத்திருக்கிறது, எச்சில். ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கு மேல் சுரக்கும், அதில் சோடா உப்பு இருக்கிறது, ஆனால் அசை போட்டால்தான் நிறையச் சுரக்கும், அசை போட நீளமான நார் வேண்டும். அதனால்தான் சோளத் தட்டையும் புல்லையும் மாவு மாதிரி பொடியாக நறுக்கக் கூடாது என்பது, ஒன்று இரண்டு அங்குலம் இருக்கட்டும். மதியம் மாடு படுத்திருக்கும்போது ஒரு ஐந்து நிமிடம் வாயைப் பாருங்கள். ஒரு கவளத்தை ஐம்பது அறுபது தடவை மென்றுவிட்டு விழுங்கினால் நல்லது. இரண்டு மூன்று மாடு இருந்து, படுத்திருப்பதில் பாதிகூட அசை போடவில்லை என்றால் தீனியில் கோளாறு. இன்னொன்று, ஒரு கைப்பிடி சாணத்தை பழைய டீ வடிகட்டியில் போட்டுக் குழாயடியில் அலசுங்கள். மக்காச்சோள நொறுங்கல் அப்படியே தங்கினால், நீங்கள் விலை கொடுத்து வாங்கிய தீவனம் எருக்குழிக்குப் போகிறது என்று அர்த்தம்.

சரி, என்ன செய்யலாம்? சோற்றை இன்றே நிறுத்துங்கள். பொங்கல், கல்யாண வீட்டு மிச்சம் என்று அண்டாவோடு வைத்து ஒரே ராத்திரியில் மாட்டைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. அடர்தீவனத்தை ஒன்றரை, இரண்டு வாரத்தில் படிப்படியாக ஆறே காலுக்கு இறக்கி, மூன்று நான்கு வேளையாகப் பிரித்து, முதலில் தட்டு போட்டு அப்புறம் தீவனம் வையுங்கள். நாளைக்கு 20, 25 கிலோ பச்சைப் புல் வேண்டும், கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லில் கோ 4 அல்லது கோ 5 ரகக் கரணை வாங்கி நட்டால் வருடக்கணக்கில் வெட்டலாம், கூடவே பயறு வகைத் தீவனமான வேலிமசால் கொஞ்சம் இருந்தால் புரதத்துக்குப் புண்ணாக்கைக் குறைக்கலாம். இளஞ்சோளத்தை மட்டும் பூ வரும் முன் வெட்டிப் போடாதீர்கள், விஷம். சோடா உப்பு நாளைக்கு 100 கிராம் வரை தீவனத்தில் கலக்கலாம், ஆனால் அது ஒட்டுப்போடும் வேலைதான். தாது உப்பு 50 கிராம் தினமும் போகட்டும். அசோலாவை எல்லோரும் தூக்கிப் பேசுகிறார்கள், எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை, கிலோவில் 900 கிராமுக்கு மேல் தண்ணீர்.

பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு விலை மலிவு என்று வாங்காதீர்கள். அதிலுள்ள அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு பாலில் இறங்கும். 2018-ல் நாடு முழுக்க எடுத்த 6,432 பால் மாதிரிகளில் இந்த நஞ்சு அளவுக்கு மீறி இருந்தவற்றில் தமிழ்நாடுதான் முன்னால் நின்றது. பூஞ்சை வாசனை வந்தாலே ஒதுக்கிவிடுங்கள்.

வைக்கோலை மட்டும் நம்பினாலும் சரிப்படாது, சத்து குறைவு. கறக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் ஏப்பத்தில் போகிற மீத்தேனும் அதிகம், அதாவது தின்ற தீனியின் சக்தி காற்றில் போகிறது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வைத்துப் போடலாம், ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்கு மட்டும் ஆகாது. அளவு பிசகினால் ஆபத்து, முதல் தடவை தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

கொழுப்பு ஏற இரண்டு மூன்று வாரம் ஆகும், அதுவரை பால் ஒரு லிட்டர் குறைந்தாலும் பதறி மறுபடி மூட்டையை அவிழ்க்காதீர்கள். ஆனால் மாடு தீனியே எடுக்காமல், இடது வயிறு உப்பி, அசை நின்று, எழவும் தள்ளாடினால் இந்தப் பதிலையெல்லாம் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்குப் போன் போடுங்கள்.