பழைய ராணுவ கேப் பிஸ்டல் (சுத்தியல் தட்டியதும் வெடிக்கும் 'கேப்' என்ற சிறு செம்பு மூடியால் சுடுவது) வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? அதை எப்படிப் பளபளப்பாக்குவது?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பளபளப்பாக்கவே வேண்டாம்.

நான் முதலில் வாங்கியது பிரெஞ்சு 1822 மாடல். கறுத்துக் கிடந்ததைப் பார்க்கப் பொறுக்காமல் ஒரு மதியம் முழுக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். விசைப்பொறியை மூடும் பக்கத் தகட்டில் 'மூட்சிக்' என்று ஆயுதச்சாலையின் பெயர் பொறித்திருந்தது. தேய்த்து முடித்தபோது முதல் இரண்டு எழுத்துதான் மிச்சம். அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டினேன். திருப்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்துவிட்டார்.

சரி, எதைப் பார்ப்பது? அதே பக்கத் தகட்டைத்தான். 1822 மாடல் பிறந்தபோது சிக்கிமுக்கிக் கல்லில் பொறி தட்டும் பிஸ்டல். மழையில் கல் ஏமாற்றும். செம்புக் கேப் அவ்வளவாக ஏமாற்றாது. அதனால் பின்னாளில் ராணுவமே பொறி விழும் மருந்துக் கிண்ணத்தைக் கழற்றிவிட்டு, கேப் மாட்டும் சிறு குழாயான நிப்பிளை வைத்தது. கழற்றிய திருகுகளின் துளைகளை அடைத்திருப்பார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் வட்டமாகத் தெரியும். அது குறையில்லை, அந்தத் துப்பாக்கியின் ஜாதகம். ஆனால் அமெரிக்க 1842 மாடல் பிறவியிலேயே கேப் பிஸ்டல். அதில் அடைத்த துளை இருந்தால் யாரோ விளையாடியிருக்கிறார்கள்.

நிப்பிளைச் சுற்றிப் பாருங்கள். கேப் மருந்தின் கசடு இரும்பை அரிக்கும், அம்மைத் தழும்பு மாதிரி. மற்ற இடமெல்லாம் கறுத்து அங்கே மட்டும் வழவழவென்றிருந்தால், யாரோ தேய்த்து மறைத்திருக்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம் வரும்.

உரிமம் வேண்டுமா என்பதை விலை பேசும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

அப்புறம் ஒன்று, இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். கையில் எடுத்ததும் ஒரு மெல்லிய மரக்குச்சியைக் குழலுக்குள் அடிவரை விட்டு, குழலின் வாய் வரும் இடத்தில் குச்சியில் குறி போடுங்கள். குச்சியை வெளியே எடுத்து, குறி குழலின் வாயில் நிற்கும்படி வெளிப்பக்கம் ஒட்டிவைத்துப் பாருங்கள். முனை நிப்பிளின் அடிப்பக்கம் வரை வரவேண்டும். இரண்டு விரல் அளவு குறைந்தால் உள்ளே குண்டும் மருந்தும் இருக்கலாம். ஈரம் படாத கருமருந்து நூறு வருஷம் கழித்தும் வெடிக்கும். நீங்களே தோண்டாதீர்கள், விஷயம் தெரிந்த ஆயுதக் கம்மியரைக் கூப்பிடுங்கள்.