பழைய கபினட் மேசை வாளில் பிளேட்டை நேராக்குவது எப்படி?

கேள்வி: கல்முனையில் எங்கள் தளபாடப் பட்டறைக்குப் பழைய கபினட் மேசை வாள் (அடியில் பெட்டியோடு வரும், மரம் அறுக்கும் இயந்திரம்) ஒன்று வாங்கினோம். தேக்குப் பலகை கிழிக்கும்போது ஃபென்ஸ் (பலகையை ஒட்டித் தள்ளும் வழிகாட்டிச் சட்டம்) பக்கம் கருகுகிறது, சிலவேளை பலகை பின்னுக்கு உதைக்கிறது. ஃபென்ஸை எவ்வளவு திருத்தியும் சரிவரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்:

ஃபென்ஸைக் கழற்றி ஓரமாக வையுங்கள், அது கடைசி வேலை. மேசையில் நீளப் பள்ளமாக வெட்டியிருக்கும் மைட்டர் காடிதான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். முதலில் பிளேட் காடிக்கு இணையாக வரவேண்டும், மறுகாதான் ஃபென்ஸ். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பிளேட்டின் பின்பக்கம் ஃபென்ஸுக்குக் கிட்டவாக நிற்கிறது. பலகை இரண்டுக்கும் நடுவே நெரிபடுகிறது. பின்பற்கள் மேல்நோக்கி எழும்பும் பற்கள் என்பதால் பலகையைத் தூக்கி ஆளின் பக்கம் எறிகின்றன. இது திருந்தும்வரை அந்த வாளில் கிழிக்க வேண்டாம்.

பிளக்கைக் கழற்றிவிட்டுப் பிளேட்டின் விளிம்பைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் பியரிங் மாற்றிய பிறகே மற்ற வேலை. பிளேட்டைக் கழற்றி, அதை அழுத்திப் பிடிக்கும் வட்டத் தகடான ஃபிளேஞ்சின் முகத்தில் ஒட்டிய பிசினையும் துருவையும் சுத்தமாக எடுங்கள். அங்கே ஒட்டியிருக்கும் சிறு துகள்கூட 10 அங்குலப் பிளேட்டின் விளிம்பில் மூன்று மடங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும்.

இனி அளவு. பிளேட்டை முழு உயரத்துக்கு ஏற்றி, ஒரு பல்லில் மட்டும் மார்க்கர் பேனாவால் அடையாளம் போடுங்கள். அந்தப் பல்லை முன்பக்கம் மேசை மட்டத்துக்குச் சற்று மேலே நிறுத்தி, காடியிலிருந்து உள்ள தூரத்தை எடுங்கள். பிளேட்டைக் கையால் சுழற்றி, அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய் மீண்டும் எடுங்கள். முன்னால் ஒரு பல், பின்னால் வேறொரு பல் என்று அளந்தால் பிளேட்டின் வளைவையும் சேர்த்து அளந்துவிடுவீர்கள். பலர் நாள் முழுக்க மினக்கெட்டும் சரிவராமல் போவது இதனால்தான்.

நுண்ணிய விலகலை முள்ளால் காட்டும் டயல் கேஜ் இல்லையென்றால் கவலையில்லை. காடிக்குள் ஆட்டமில்லாமல் ஓடும் ஒரு முதிரைச் சட்டத்தைச் சீவி, அதன்மேல் குறுக்காக ஒரு துண்டை இறுக்கி, நுனியில் ஒரு திருகாணி போடுங்கள். ஆணித்தலை முன்பக்கம் பல்லை மெல்ல உரசும்வரை திருகி, அதே பல்லைப் பின்பக்கம் சுழற்றி, சட்டத்தையும் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். இடைவெளி இருந்தால் மோட்டர்சைக்கிள் கராஜில் டப்பெட் இடைவெளி பார்க்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜால் அளக்கலாம். பின்னால் இடிக்கிறதென்றால் அங்கே ஆணியைத் திருத்திவிட்டு முன்பக்கத்தில் அளவெடுங்கள். மாரி காலத்தில் சட்டம் ஊதி இறுகும், அதனால் அளக்கிற அன்றைக்கே சீவுங்கள். வித்தியாசம் 0.1 மி.மீ.க்குள் வந்தால் போதும். அதற்குக் கீழே துரத்துவது மரவேலைக்குப் பயன்படாது.

கபினட் வாளில் பிளேட்டைத் தாங்கும் இரும்புத் தாங்கியான ட்ரனியன், மேசைக்கு அடியிலுள்ள பெட்டியோடு பூட்டப்பட்டிருக்கும். 1939இல் வந்த, டெல்டா கம்பனியின் யூனிசோ என்ற கபினட் வாளும் இப்படித்தான். எனவே நகர்த்த வேண்டியது மேசையை. உள்ளே குனிந்து பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள், ட்ரனியன் மேசையின் அடியில் தொங்கினால் அதன் போல்ட்டுகளைத்தான் தளர்த்த வேண்டும்.

மேசையைப் பெட்டியோடு இறுக்கும் போல்ட்டுகளில் ஒன்றை லேசான இறுக்கத்தில் விட்டு, மற்றவற்றைத் தளர்த்துங்கள். இறுக்கமான போல்ட் அச்சாணி போல நிற்க, மேசை அதைச் சுற்றித் திரும்பும். மேசை விளிம்பில் மரக்கட்டையை வைத்து, அதன்மேல் மெல்லத் தட்டுங்கள். வார்ப்பிரும்பில் நேரே சுத்தியலால் அடித்தால் வெடிக்கும். கடற்காற்றில் மேசையும் பெட்டியும் துருவால் ஒட்டிப் போயிருந்தால், துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு இரவு விடுங்கள். மேசைக்கும் பெட்டிக்கும் இடையில் பழைய தகட்டுத் துண்டுகள் தென்பட்டால் எறிய வேண்டாம், எந்த மூலையில் எத்தனை என்று குறித்து வையுங்கள். அவை காரணத்தோடு வைக்கப்பட்டவை.

போல்ட்டுகளை மூலைக்கு மூலை மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இறுக்கும்போது மேசை நகரும், அதனால் இறுக்கிய பின்னும் அளக்க வேண்டும். மூன்று நான்கு தடவை போகும், அது வழமைதான்.

அடுத்து, பெரும்பாலோர் விட்டுவிடும் சோதனை. பிளேட்டை 45 பாகைக்குச் சாய்த்து அதே பல்லை அதே மாதிரி அளவுங்கள். நேராக நிற்கும்போது சரியாக இருந்து, சாய்த்தால் விலகினால், மேசை பிளேட் சாயும் அச்சுக்கு மட்டமாக இல்லை. சாய்ந்த பிளேட்டின் பின்பக்கம், சாயும் திசைக்கு எதிர்ப்புறம் விலகினால் பின் போல்ட்டுகள் உள்ள இடத்தில் மேசைக்கும் பெட்டிக்கும் இடையே தகடு வையுங்கள். சாயும் திசைக்கே விலகினால் முன்னால் வையுங்கள். அளவு கணக்குப்படி வரும்: அளந்த இரண்டு இடங்களுக்கும் இடையே 20 செ.மீ., விலகல் 0.2 மி.மீ., முன் பின் போல்ட்டுகளுக்கிடையே 60 செ.மீ. என்றால் தகடு 0.6 மி.மீ. பித்தளைத் தகடு ஒன்றாக வைப்பது நல்லது, மெல்லிய துண்டுகளை அடுக்கினால் நசுங்கும். தகடு வைத்தபின் நேர் நிலையில் திரும்ப அளவுங்கள்.

இப்போது ஃபென்ஸைப் பூட்டி, காடிக்கு இணையாக வையுங்கள். பின்பக்கம் 0.1 மி.மீ. அளவு விலகி நின்றால் பரவாயில்லை, உள்ளுக்குத் திரும்பவே கூடாது. பிளேட்டுக்குப் பின்னாலுள்ள பிரிப்புத் தகட்டையும் பிளேட்டின் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். பழைய வாள்களில் அது பெரும்பாலும் தொலைந்திருக்கும், அப்படியானால் புதிதாக ஒன்று செய்வித்துப் பூட்டாமல் கிழிக்க வேண்டாம். கடைசியில் ஒரு பலகையைக் குறுக்கே வெட்டி, ஒரு துண்டை மேல்கீழாகப் புரட்டி மற்றதோடு பொருத்திப் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் அதில் பாதிதான் 90 பாகை நிறுத்தியில் உள்ள பிழை.