ஏற்காட்டுத் தோட்டத்தில் ஐப்பசி மாத அந்துப்பூச்சிகளை விளக்குப் பொறி வைத்துப் பதிவு செய்வது எப்படி?

ஏற்காட்டு வீட்டுத் தோட்டத்தில், ஐப்பசி மழைக்கிடையே விளக்குப் பொறி வைப்பது பயன் தருமா என்று கேட்டிருக்கிறீர்கள். தரும், ஆனால் அமாவாசையை ஒட்டிய, காற்றில்லாத, மேகம் மூடிய இரவைத் தேர்ந்தெடுங்கள், ஏனெனில் நிலவொளியில் விளக்கின் ஈர்ப்பு குறைந்துவிடும். வெள்ளை வேட்டியொன்றைக் கொடியில் விரித்து, அதன் முன் மழை படாதவாறு புற ஊதா விளக்கைத் தொங்கவிடுங்கள். பறக்கும்போது முதுகை வெளிச்சத்தின் பக்கம் திருப்பிக்கொள்ளும் இயல்பு அந்துப்பூச்சிக்கு இருப்பதால், அது விளக்கையே சுற்றிச் சுற்றி வந்து, விலக வழியின்றித் துணியில் அமர்கிறது. அரளியில் வளரும் பச்சை நிறப் பருந்து அந்துப்பூச்சி வந்தமர்ந்தால், அந்த இரவை நீங்கள் மறக்கமாட்டீர்கள். ஒவ்வொன்றையும் அளவுகோலுடன் படமெடுத்து, தேதி, நேரம், வெப்பநிலை ஆகியவற்றைக் குறியுங்கள். எதுவும் வராத இரவையும் தவறாமல் எழுதுங்கள். விடியுமுன் விளக்கை அணைத்து, துணியில் இருப்பவற்றைப் புதருக்குள் விட்டுவிடுங்கள். இல்லையேல் கரிச்சானும் மைனாவும் அவற்றைத் தின்றுவிடும்.