நட்சத்திரம் கட்டாத வீட்டுக்கு ஒரு வாழ்த்து அட்டை

கையால் வாழ்த்து அட்டை செய்து அனுப்புவதை விசுவாசத்தின் வெளிப்பாடு என்று சிலர் சொல்கிறார்கள், அது வெறும் பொழுதுபோக்குதானே, கடையில் வாங்கியோ வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியோ வாழ்த்தினால் ஆகாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக ஆகும். நானும் வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்புகிறவள்தான். ஆனால் இருபது வருடங்களுக்கும் மேலாக ஒவ்வொரு டிசம்பரிலும் கையால் அட்டை செய்கிறேன். அதற்குக் காரணம் எங்கள் வீட்டுக்கு வந்த ஓர் அட்டை. அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

1998 அக்டோபரில் அப்பா இறந்தார். நாங்கள் பாளையங்கோட்டையில் இருந்தோம். அந்தக் காலத்தில் டிசம்பர் பிறந்தால் தபால்காரர் தினமும் கட்டுக் கட்டாக அட்டைகள் கொண்டுவருவார். உறையை ஒட்டாமல் மடித்துச் செருகி, மேலே ‘புக் போஸ்ட்’ என்று எழுதி அனுப்புவார்கள். அவற்றை நூலில் கோத்துக் கூடத்துச் சுவரில் தோரணமாகத் தொங்கவிடுவது என் வேலை. அப்பா போன வருடம் அந்த நூலுக்கு வேலை இருக்கவில்லை. துக்க வீட்டில் முதல் கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்டமாட்டார்கள், பலகாரம் சுடமாட்டார்கள். வாழ்த்து அனுப்பினால் அவர்கள் மனம் புண்படும் என்று மற்றவர்களும் ஒதுங்கிக்கொள்வார்கள். அது மரியாதைதான். ஆனால் தெரு முழுக்க நட்சத்திரம் எரிய, கீத பவனிக் குழு பக்கத்து வீட்டு வாசலில் பாடிவிட்டு எங்கள் வாசலைக் குரல் தாழ்த்திக் கடந்துபோனபோது, அம்மா அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

டிசம்பர் 22 அன்று ஒரே ஓர் உறை வந்தது. எனக்கு ஞாயிறு பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்த டீச்சர் அனுப்பியிருந்தார். நோட்டுப் புத்தக மேலட்டையின் உட்புறத்தை வெளியே வரும்படி மடித்திருந்தார். முன்பக்கத்தில் பனங்குருத்தில் நறுக்கிய சிறு சிலுவை. குருத்தோலை ஞாயிறன்று கையில் பிடித்துப் போன ஓலையாக இருக்க வேண்டும், பழுத்துத் தேன் நிறமாகியிருந்தது. உள்ளே பென்சிலால் கோடு போட்டு, அதன்மேல் பேனாவால் சங்கீதம் 34:18. ‘நொறுங்குண்ட இருதயமுள்ளவர்களுக்குக் கர்த்தர் சமீபமாயிருந்து’ என்பதில் ‘சமீபமாயிருந்து’ வரிக்குள் அடங்காமல் கடைசி எழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஓர் எழுத்தை பிளேடால் சுரண்டித் திருத்திய இடத்தில் அட்டை மெலிந்திருந்தது. ‘மகிழ்ச்சியான கிறிஸ்துமஸ்’ என்று எங்கும் இல்லை. கீழே அப்பாவின் பெயரை எழுதி, ‘அவர் பாடிய பாமாலை இன்னும் காதில் இருக்கிறது’ என்று மட்டும் இருந்தது.

அம்மா அதைத் தன் வேதாகமத்தில் வைத்துக்கொண்டார். இன்றும் அங்கேதான் இருக்கிறது.

மறு வருடம் நானும் தொடங்கினேன். எங்கள் சபையில் அந்த ஆண்டு அடக்க ஆராதனை நடந்த வீடுகளை ஒரு நோட்டில் குறித்துக்கொள்வேன். சில வருடம் பன்னிரண்டு, சில வருடம் இருபதைத் தாண்டும். கிறிஸ்து வருகையின் காலம், அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆயத்த வாரங்கள், தொடங்கும் ஞாயிறு முதல் இரவுக்கு ஒன்று அல்லது இரண்டு அட்டை. அதற்கு மேல் செய்வதில்லை. ஒரு அட்டைக்கு நாற்பது நிமிடமாவது ஆகும். அந்த நாற்பது நிமிடமும் ஒரே வீட்டின் பெயர்தான் மனதில் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு முழங்காலில் நின்றால் ஐந்து நிமிடத்தில் என் நினைவு சிதறிவிடும். கை ஓலையை நறுக்கிக்கொண்டிருக்கும்போது சிதறுவதில்லை. அந்த வீட்டுப் பிள்ளை எந்த வகுப்பு, மருத்துவமனைக் கடனை அடைத்துவிட்டார்களா, அந்தத் தாத்தா இப்போது யாரோடு சாப்பிடுகிறார் என்றெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும். அவையே ஜெபமாகிவிடும். என் விசுவாசம் அட்டையில் ஒட்டியிருக்கும் சிலுவையைவிட இந்த நாற்பது நிமிடத்தில்தான் அதிகம் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஏசாயா 49-ல் ‘இதோ, என் உள்ளங்கைகளில் உன்னை வரைந்திருக்கிறேன்’ என்று கர்த்தர் சொல்கிறார். அவர்கூட வரைகிறார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். யாத்திராகமம் 31-ல் பெசலெயேல் என்ற கைவினைஞரைத் தேவ ஆவியினால் நிரப்பினதாக வாசிக்கிறோம். வாசிக்கும்போது இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போகாதீர்கள்.

‘கடை அட்டை போதாதா’ என்பதற்கு வரலாற்றிலிருந்தும் ஒன்று சொல்ல வேண்டும். விற்பனைக்கென்று வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை 1843-ல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் ஏற்பாடு செய்தது. ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியர் வரைந்தார். ஆயிரம் பிரதிகளைக் கல்லச்சில் எடுத்து, வண்ணத்தைக் கையால் தீட்டி, ஒன்று ஒரு ஷில்லிங் என்று விற்றார்கள். நடுவில் ஒரு குடும்பம் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து திராட்சை மதுக் கிண்ணங்களை உயர்த்துகிறது. குழந்தைக்கும் குடிக்கக் கொடுக்கிறார்களே என்று மதுவிலக்குக்காரர்கள் அப்போதே கண்டித்தார்கள். எனக்குப் பிடித்தவை இரு ஓரங்களிலும் இருக்கும் சிறு படங்கள். ஒன்றில் பசித்தவருக்கு உணவு கொடுக்கிறார்கள், மற்றொன்றில் ஏழைக்கு உடை கொடுக்கிறார்கள். முதல் அட்டையிலேயே அவர்களுக்கு இடம் இருந்தது. பின்னால் வந்த அட்டைகளில் பனியும் மணியும் நிறைந்து, அந்த ஓரப் படங்கள் காணாமல் போயின. நான் கையால் செய்வது அந்த ஓரத்து மனிதர்களுக்காகத்தான்.

நான் பிழை செய்ததையும் சொல்ல வேண்டும். ஒரு வருடம், குழந்தையை இழந்த ஒரு வீட்டுக்கு ‘எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்’ என்ற வசனத்தை எழுதி அனுப்பிவிட்டேன். எழுத்து அன்று அழகாக வந்தது, அதில் மயங்கிப்போனேன். ஜனவரியில் ஆலயத்துப் படியில் அந்தத் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, இதற்குமா நான் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும்?” என்று கேட்டார். கோபமே இல்லை, உண்மையாகவே கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அவரோடு படியில் உட்கார்ந்து அழுதேன். அன்றிலிருந்து வசனத்தைத் தேர்ந்தெடுத்தபின் அந்த வீட்டுக்காரராக என்னை நினைத்துக்கொண்டு ஒரு தடவை வாய்விட்டு வாசிப்பேன். தொண்டையில் இடறினால் வேறு வசனம். பல வீடுகளுக்கு வசனமே எழுதுவதில்லை. இறந்தவர் பெயரும், அவரைப் பற்றி எனக்கு நினைவிருக்கும் ஒரு காரியமும் போதும். துக்கத்தில் இருப்பவர்களுக்குத் தங்கள் ஆளின் பெயரை இன்னொருவர் கையெழுத்தில் பார்க்கவே ஆசையாக இருக்கிறது.

செய்முறையையும் சொல்லிவிடுகிறேன். ஏ4 அளவில் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) அட்டையை வாங்கிப் பாதியாக வெட்டி மடித்தால் உள்ளங்கைக்குச் சற்றுப் பெரிய அட்டை கிடைக்கும். எடை ஒன்பது கிராமை ஒட்டி வரும், உறையோடு சேர்ந்தாலும் இருபது கிராமுக்குள் அடங்கிச் சாதாரண ஐந்து ரூபாய்த் தபாலில் போய்விடும். மடிப்பதற்கு முன் அட்டையை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இலேசாக வளைத்துப் பாருங்கள். எப்படி வளைத்தால் எளிதாக வளைகிறதோ, அந்த வளைவில் மடிப்புக் கோடு விழும் வாக்கில்தான் நார் ஓடுகிறது. நாரோடு மடித்தால் மடிப்பு வழவழவென்று விழும், குறுக்கே மடித்தால் வெடித்து வெள்ளை தெரியும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அளவுகோல் வைத்து ஒரு தடவை அழுத்திக் கோடு இழுத்துவிட்டு மடிக்க வேண்டும்.

ஓலை வேலையை மணப்பாட்டில் பெட்டி முடையும் அக்கா ஒருவரிடம் கற்றேன். குருத்தோலையின் ஈர்க்கை உரித்து எடுத்துவிட்டு நிழலில் உலர்த்த வேண்டும், வெயிலில் போட்டால் சுருண்டு முறுகிவிடும். நறுக்குவதற்கு முன் ஈரத்துணியில் சிறிது நேரம் சுற்றி வைத்தால் பிளேடுக்கு இணங்கும். பசையை மெல்லிய தூரிகையால் பூசுங்கள். அதிகமானால் அட்டை நெளிந்துவிடும். டிசம்பர் மழைக் காலம் என்பதால் பசை காய ஓர் இரவு முழுக்கப் பாரம் வைக்க வேண்டியிருக்கும். மணி, கண்ணாடிக் கல் எதுவும் ஒட்டாதீர்கள், தபால் முத்திரை அடிக்கும்போது நொறுங்கிவிடும்.

கரையாத மையால் எழுதுங்கள். இதைப் பட்டுத்தான் கற்றேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, தாமிரபரணி ஊர்களுக்குள் புகுந்தது. ஏரல் பக்கம் ஒரு வீட்டுக்கு அந்த மாதத் தொடக்கத்தில் அட்டை அனுப்பியிருந்தேன். கணவரை இழந்த அம்மையார் அவர். ஜனவரியில் பார்க்கப் போனேன். சுவரில் மார்பளவுக்குச் சேற்றுக் கோடு. திண்ணையில் கட்டியிருந்த கொடியில் குடும்ப அட்டை, பாஸ்புக், பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ்கள் எல்லாம் கிளிப் போட்டுக் காய்ந்துகொண்டிருந்தன. அந்த வரிசையில் என் அட்டையும் இருந்தது. இங்க் பேனாவால் எழுதிய எழுத்து முழுதும் கரைந்து நீலக் கறையாகியிருந்தது, ஓலை மட்டும் அப்படியே இருந்தது. “என்ன எழுதியிருந்தாய் என்று எனக்கு மனப்பாடம், மறுபடி எழுதித் தா” என்று அவரே சொல்லச் சொல்ல, என்னை அந்தக் கறையின் மேலேயே எழுதவைத்தார்.

விற்கலாமா என்று யாராவது கேட்பார்கள். விற்கலாம், எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் விற்று வரும் பணம் பிள்ளைகளின் கல்விக் கட்டணத்துக்குப் போகிறது. ஆனால் துக்க வீட்டு அட்டைகளை நான் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இந்த வருடமே தொடங்குவதாக இருந்தால், உங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டோடு தொடங்குங்கள். டிசம்பர் 15-க்குள் தபாலில் போட்டுவிடுவது நல்லது. தாமதமாகிவிட்டால் அனுப்பாமல் விட்டுவிடாதீர்கள். ஜனவரி 6, ஞானிகள் குழந்தை இயேசுவைக் கண்டதை நினைவுகூரும் பிரசன்னத் திருநாள் வரை கிறிஸ்துமஸ் காலம்தான். எல்லா வீட்டிலும் நட்சத்திரத்தை அவிழ்த்துவிட்ட பிறகு, அந்த வீட்டுக்கு ஓர் உறை போய்ச் சேரட்டும்.